கப்பலிலிருந்து ஒரு செங்கல்

தந்தி வந்தபோது நான் மாவாட்டிக்கொண்டிருந்தேன். மாமனார் வாசலிலிருந்து என்னைத்தான் கூப்பிட்டார். அந்த வீட்டில் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்துவிட்டு ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, என் புருஷன் செத்துப்போன சேதியை நானே படித்து, நானே தமிழில் எடுத்துச் சொன்னேன். அப்படியொரு கொடுமை என் விரோதிக்கும் வரக்கூடாது.

பணியில் இருக்கும்போது கப்பலில் நடந்த விபத்தில் இறந்தார், உடல் கடலில் அடக்கம் செய்யப்பட்டது. தந்தியில் இருந்தது அவ்வளவுதான். 

மாமனார் தந்திக் காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "கடல்ல அடக்கமா? குழிய எங்க தாயி தோண்டுனான்?"

நான் கடலைப் பார்த்ததே இல்லை. அவரும் பார்த்ததில்லை. ஆனால் அவருக்குத் தண்ணீர் தெரியும். எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் யாராவது விழுந்து உடம்பு அகப்படவில்லை என்றால் அவரைத்தான் வண்டி கட்டி வந்து கூட்டிப்போவார்கள். போனதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "விழுந்த எடத்தக் காட்டு." அந்த இடத்தில் நின்று காற்றைப் பார்ப்பார், கரையைப் பார்ப்பார், மடை எந்தப் பக்கம் என்று கேட்பார். பிறகு ஓரிடத்தைக் கைகாட்டிவிட்டு வந்துவிடுவார். மூன்றாம் நாள் உடம்பு அங்கேதான் மேலே வரும். அவர் காட்டி வராமல் போனதில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

அந்த அறிவுதான் எங்கள் எல்லோருக்கும் வினையாக வந்தது. "தண்ணிக்குள்ள போன ஒடம்பு மூணாம் நாளு மேல வரணும்" என்றார். "கடலும் தண்ணிதான. வந்திருந்தா யார் கண்ணுலயாவது பட்டிருக்கும், தந்தியில சொல்லியிருப்பான். வரலன்னா எம் மகன் உள்ள போகல. எங்கயோ கரை ஏறிட்டான். வருவான். நீ அழாத."

அழாதே என்று அவர் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அது உத்தரவு. மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். வீட்டில் மாமனாரும் அவர் தங்கையும் நானும்தான். அந்தத் தங்கையை நான் அத்தை என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே தாலியை இழந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவர். அன்று சாயங்காலம் அத்தை மெதுவாக ஒப்பாரியை எடுத்தார். மாமனார் உள்ளே வந்து, "இருக்குறவனுக்கு எதுக்குடி ஒப்பாரி?" என்று போட்ட சத்தத்தில் தொழுவத்து மாடுகள் மிரண்டன.

என் புருஷனைப் பற்றி ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்கும் போலீசுக்கும் ஆள் போவது ஒன்றும் புதிதல்ல. இரண்டாவது உலகச் சண்டை வந்ததும் அவரும் பட்டாளத்தில் சேரத்தான் மதுரைக்குப் போனார். அங்கே கப்பற்படைக்கு, பாய்லருக்குத் தீ போடும் ஸ்டோக்கர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அந்த வரிசையில் போய் நின்றுவிட்டார். இஞ்சின் என்றால் அவருக்கு அப்படி ஒரு கிறுக்கு. பஞ்சாலைப் பக்கம் போனால் பாய்லர் சத்தம் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார். நிலம் நீச்சு எல்லாம் இருக்கும்போது கரியிலும் எண்ணெயிலும் வேக என்ன தலையெழுத்து என்று கேட்டேன். சிரித்தார். 

லீவில் இரண்டு தடவை வந்தார். கப்பலைப் பற்றிக் கேட்டால், "நம்ம அத்த மாதிரின்னு வச்சுக்கோ. முந்துன சண்டைக் காலத்துல கட்டுனது. ராவும் பகலும் மொனங்கிக்கிட்டே இருக்கும். ஆனா சொன்ன வேலையச் செஞ்சுரும்" என்பார். அத்தை காதில் விழுந்துவிட்டது. அந்த லீவு முழுக்க அவருக்கு அத்தை கையால் மோர் கிடைக்கவில்லை. அந்தக் கிழட்டுக் கப்பலின் பாய்லர் ரூமில்தான் அவர் முடிந்துபோனார்.

தந்திக்குப் பிறகு நான் என்னவாக இருந்தேன் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தாலி கழுத்தில் இருந்தது. நெற்றியில் பொட்டு இருந்தது. பூ மட்டும் வைக்கவில்லை. வைக்கச் சொல்லி மாமனார் பிச்சிப்பூ வாங்கி வருவார், அது சாமி படத்துக்குப் போகும். தெருவில் ஒரு விசேஷம் என்றால் கூப்பிட வருகிறவர்கள் எங்கள் வாசலுக்கு வந்ததும் நடையை மெதுவாக்குவார்கள். கூப்பிடாமல் போனால் மாமனாருக்குக் கோபம் வரும். கூப்பிட்டால் அவர்களுக்கு மனசு உறுத்தும். ஒரு வளைகாப்புக்கு மாமனார் பிடிவாதமாக என்னை அனுப்பினார். குங்குமத் தட்டு வரிசையாக வந்தது. பக்கத்தில் இருந்தவள் வரைக்கும் வந்த தட்டு என்னிடம் வந்ததும் ஒரு நொடி நின்றது. அப்புறம் யாரோ கூப்பிட்டது போலத் திரும்பி அந்தப் பக்கம் போய்விட்டது. எழுந்து வந்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள் பின்னாலேயே ஓடிவந்து, "ஏடவக்கு தல்லி" என்று தோளைத் தொட்டார். அழாதே என்கிறார். நான் எங்கே அழுதேன்? அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மாமனார் மேல் கோபம், கடல் மேல் கோபம், மூன்றாம் நாள் என்ற அந்தக் கணக்கின் மேல் கோபம். செத்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் அவர் தாகத்தோடு அலைவார் என்று கேட்டு வளர்ந்தவள் நான். என் புருஷன் கனவில் வந்து சொம்பை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போவார். விடிந்து எழுந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் விட வேண்டும், நான் யார் என்று எனக்கும் ஊருக்கும் தெரிய வேண்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை. 

ஒருநாள் சோறு போடும்போது சொல்லியே விட்டேன்: "மாமா, காரியத்தச் செஞ்சிருவோம். அவிய போக வேண்டிய எடத்துக்குப் போகட்டும்."

மாமனார் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். "உயிரோட இருக்குறவனுக்குக் காரியம் பண்றது கொலை பண்றதுக்குச் சமானம். என் கையால அது நடக்காது" என்றார். அதற்குப் பிறகும் கேட்டேன். கேட்கும்போதெல்லாம் இலையில் பாதிச் சோறு கிடக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஊர் என்னை என்னென்னவோ சொன்னது. அந்த மனுஷன் ஒருநாளும் என்னை ராசியில்லாதவள் என்று ஒரு சொல் சொன்னதில்லை. 

மலையடிவாரத்து அய்யனார் கோவிலுக்கு அவர் ஒரு கிடாக்குட்டி நேர்ந்துவிட்டிருந்தார். மகன் வந்ததும் வெட்டுவதாக வேண்டுதல். மகன் வரவில்லை, குட்டி வளர்ந்தது. நல்ல தீனி. வருகிறவர் போகிறவரையெல்லாம் முட்டியது. எனக்கும் அதற்கும் ஆகவே ஆகாது. இரண்டு பேரையும் ஒரே ஆளுக்காகக் கட்டிப்போட்டிருந்தது அதற்கும் தெரிந்திருந்ததோ என்னவோ.

சண்டை முடிந்தது. பட்டாளத்துக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ராஜபாளையம் ஸ்டேஷனில் தகரப் பெட்டியோடு யாராவது இறங்கினால் மாமனார் காதுக்குச் சேதி வந்துவிடும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.

நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின கோடையில் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், கிறிஸ்தவர், என் புருஷனோடு அதே பாய்லர் ரூமில் வேலை பார்த்தவர். கப்பற்படையிலிருந்து ஆளைக் குறைத்து அனுப்பியதில் ஊருக்கு வந்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என் கழுத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "மதினி" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டு, மாமனாரைப் பார்த்து உட்கார்ந்தார்.

நடந்ததை அவர்தான் முதன்முதலாகச் சொன்னார். நடுக்கடலில் போகும்போது பாய்லரின் குழாய் ஒன்று வெடித்திருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. "நான் தண்ணி குடிக்க மேல வந்தேன் ஐயா. அண்ணன்தான் போயிட்டு வாடான்னு அனுப்புனாரு. திரும்பி எறங்கப் போனா வாசல்ல ஆவி." பொழுது சாய்வதற்குள் எல்லோருமாக மேல்தளத்தில் நின்று, மரியாதை செய்து, கடலில் விட்டார்கள்.

மாமனார், "ஒடம்ப நீ பாத்தியா?" என்றார்.

"துணி சுத்தி வச்சிருந்தாங்க ஐயா."

"அப்ப பாக்கல."

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, அவர் கப்பலைப் பற்றிச் சொன்னார். குழாயை மாற்றி அதே கப்பலைச் சண்டை முடியும்வரை ஓட்டியிருக்கிறார்கள். முடிந்ததும் அதையும் அதுபோன்ற கிழட்டுக் கப்பல்களையும் பம்பாய்த் துறைமுகத்தின் ஒரு மூலையில் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிட்டார்கள். பீரங்கிகளைக் கழற்றியாகிவிட்டது. திரும்ப வேண்டியிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று சும்மா வைத்திருந்த கப்பல்கள். அடியில் ஊறும் தண்ணீரை இறைக்க, துரு பிடிக்காமல் கிரீஸ் தடவ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சில ஆட்கள். அதில் இவரும் ஒருவர். "ஓடாத கப்பலுக்குக் காவல் இருந்தேன். அந்த ரூமுக்குத் தெனமும் எறங்குவேன் ஐயா. தனியா எறங்குறதுக்கு மனசே வராது." பிறகு, இது இனிமேல் உதவாது என்று மேலிடத்தில் முடிவு செய்து, ஒரு சாயங்காலம் கொடியை இறக்கிவிட்டு, பழைய இரும்பு வியாபாரியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். 

"இப்ப சேத்துல இழுத்துப் போட்டு வெட்டிக்கிட்டு இருக்காங்க. மேக்கூடு எல்லாம் போயிருச்சு. பாய்லர் ரூமுக்கு இன்னம் கொஞ்ச நாள்ல வந்துருவாங்க."

மாமனார் எழுந்து நின்றுவிட்டார். "அந்த ரூமு இன்னம் இருக்கா?"

"நான் கெளம்புறப்ப இருந்துச்சு."

"அது போறதுக்குள்ள நான் பாக்கணும். எம் மகன் நின்ன எடத்த நான் பாக்கணும். எடத்தப் பாத்தா எனக்குத் தெரிஞ்சுரும்."

என்ன தெரிந்துவிடும் என்று எனக்குப் புரிந்தது. கண்மாய்க் கரையில் நின்று கேட்பாரே, அதே கேள்விதான். விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு, மகன் எங்கே கரையேறியிருப்பான் என்று கைகாட்டப் போகிறார். கைகாட்டிவிட்டால் அப்புறம் அந்தக் கரையைத் தேடிக்கொண்டே ஆயுள் போகும். நானும் இப்படியே கிடப்பேன். "நானும் வாரேன்" என்றேன்.

"பொம்பள நீ எங்க அங்க?"

"உங்களுக்கு மகன். எனக்கு யாரு மாமா? நீங்க பாத்துட்டு வந்து ஒண்ணு சொல்லுவிய, நான் அத நம்பிக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா? என் கண்ணால பாத்துட்டு வாரேன். இல்லேன்னா நீங்களும் போகக்கூடாது."

அப்படி ஒரு நாளும் அவரிடம் பேசியதில்லை. அத்தை கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வந்தவர்தான், "நானும் கூட வாரேன் ஐயா. மதினியும் வரட்டும்" என்றார். மாமனார் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கட்டுச்சோறு கட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரயில் பயணத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்த ஊர் எதுவும் மனசில் நிற்கவில்லை. பம்பாயில் கலவரப் பேச்சாகக் கிடந்தது. கூட வந்தவர் எங்களைச் சந்து சந்தாக நடத்திக் கடலோரம் கூட்டிப்போனார். கடலை அப்படித்தான் முதலில் பார்த்தேன். கறுத்த சேறு, எண்ணெய் மிதக்கும் தண்ணீர், துரு நாற்றம். தூரத்தில் சாம்பல் நிறக் கப்பல்கள் சந்தைக்கு வந்த மாடுகள் மாதிரி ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. "அதுக எல்லாம் இங்க வரவேண்டியதுதான்" என்றார் அவர்.

எங்கள் கப்பல் சேற்றில் கிடந்தது. கடல் பெருகும் நாளில் இழுத்து வந்து ஏற்றிவிட்டார்களாம். மூக்குப் பக்கம் முழுசாகப் போய்விட்டது. புகைபோக்கி சேற்றில் சாய்ந்து கிடந்தது. கேஸ் நெருப்பில் இரும்பை வெட்டுகிறவர்கள், சம்மட்டியால் ஆணியைத் தட்டி எடுப்பவர்கள், தகட்டைச் சங்கிலி போட்டு இழுப்பவர்கள் என்று கூட்டமாக வேலை நடந்தது. சுமந்து போகிறவர்கள் ஒரே குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே அடி எடுத்து வைத்தார்கள். எனக்கு ஒரு நொடி அந்தக் கப்பல் மேல் பாவமாக இருந்தது. அதைச் சபித்தவள்தான் நான்.

மேஸ்திரி முதலில் எங்களை விடவில்லை. கூட வந்தவர் இந்தியில் ஏதோ சொன்னார். மேஸ்திரி மாமனாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி ஒரு சத்தம் கொடுத்தார். சம்மட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. கேஸ் நெருப்புகள் அணைந்தன. அவ்வளவு பேரும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு அங்கங்கே உட்கார்ந்துவிட்டார்கள். யாரென்றே தெரியாத எங்களுக்காக அவர்கள் அப்படி உட்கார்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பலகை வழியாக ஏறினோம். கப்பலில் கால் வைத்ததும் கூட வந்தவர் கொடி பறக்க வேண்டிய பின்பக்கம் திரும்பி விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். அங்கே கொடி எதுவும் இல்லை. கம்பம்கூட இல்லை. உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் சிரித்தான், பக்கத்தில் இருந்தவன் அவனை அதட்டினான்.

பாய்லர் ரூமின் மேல் தகட்டை எடுத்துவிட்டிருந்தார்கள். வெயில் நேராக உள்ளே விழுந்தது. ஒற்றை இரும்பு ஏணி. மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். இரண்டு பக்கமும் இரண்டு பாய்லர். நடுவில் நிற்க ஒரு சந்து.

"அண்ணன் இந்த எடத்துலதான் நிப்பாரு" என்று காட்டினார்.

மாமனார் அங்கே போய் நின்றார். காற்றைப் பார்ப்பவர் போல முகத்தைத் தூக்கினார். அங்கே காற்று இல்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினார். முழுசாக நீட்டுவதற்குள் இரண்டு உள்ளங்கையும் இரும்பில் பட்டுவிட்டன. அப்படியே நின்றார்.

"இம்புட்டு எடந்தானா?"

"ஆமா ஐயா."

"வெளிய போற வழி?"

"நம்ம எறங்குனோமே, அது ஒண்ணுதான்."

மகன் அவரைவிட ஒரு பிடி உயரம், அகலம். அந்தச் சந்தில் என் புருஷன் திரும்பி நிற்கவே இடம் இருந்திருக்காது. ஏணியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மாமனார் கையை மடக்கவில்லை. உள்ளங்கைகளை இரும்பிலேயே வைத்துக்கொண்டு, மெதுவான குரலில், விடாமல் கேட்டார்: "சரி. பொறவு கடல்ல விட்டிய. காத்து எந்தப் பக்கம் அடிச்சுச்சு? மூணாம் நாளு எந்தக் கரைப் பக்கம் மேல வந்திருக்கணும்?"

கூட வந்தவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு மாமனாரின் கணக்கு புரிந்தது. என் கழுத்தில் ஏன் தாலி இருக்கிறது என்பதும் புரிந்தது.

"மேல வராது ஐயா."

"ஏன் வராது? எந்தத் தண்ணியா இருந்தாலும் மூணாம் நாளு வந்துதான் ஆகணும்."

"கால்மாட்டுல இரும்பு வச்சுத்தான் துணியத் தைப்போம். மேல வந்துறக் கூடாதுன்னுதான் ஐயா. இந்தப் பாய்லர்ல இருந்து கழட்டிப்போட்ட பழைய வால்வுக ரெண்டு கெடந்துச்சு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

மாமனாரின் கைகள் இறங்கின. அந்த இரும்புத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே யாரோ இருமினார்கள். நான் அவர் கத்துவார் என்று நினைத்தேன். மேல வர விடாமக் கட்டிட்டியளே என்று கூட வந்தவரை அடிக்கக்கூடப் போவார் என்று நினைத்தேன்.

வெகுநேரம் கழித்து, "மூணாம் நாளு வந்த ஒடம்புகள நான் பாத்திருக்கேன்" என்றார். "பெத்தவங்க கண்ணுல படாம நான்தான் துணியப் போட்டு மூடுவேன். மீனு வச்சது, நண்டு வச்சது... எம் மகன் அப்பிடி வரல. அப்பிடி வராம பாத்துக்கிட்டிய. நல்லதுதான் பண்ணிருக்க." 

அவர் கையை நீட்டினார். கூட வந்தவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மாமனார் அழவில்லை. நானும் அழவில்லை. எனக்கு மூச்சுதான் வந்துபோய்க்கொண்டிருந்தது.

எழுந்ததும் அவர் சுற்றிலும் பார்த்தார். பாய்லரின் வாய் திறந்து கிடந்தது. நெருப்பின் சூடு தாங்க உள்ளே வரிசையாகச் செங்கல் பதித்திருப்பார்களாம். அதையெல்லாம் கம்பியால் கிளறி எடுத்துச் சேற்றில் எறிந்துகொண்டிருந்திருக்கிறார்கள். இரும்பு விலைக்குப் போகும், பித்தளை விலைக்குப் போகும். செங்கல் யாருக்கும் வேண்டாம். மாமனார் அதில் ஒன்றை எடுத்தார். ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் சூட்டில் உருகிக் கறுத்தும் இருந்தது. துண்டில் துடைத்து என்னிடம் காட்டினார். எதற்கென்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எங்கள் பக்கத்தில் செத்தவருக்குக் கல் ஊன்றித்தான் காரியம் செய்வார்கள். அந்தக் கல்தான் செத்தவர். அதற்குத்தான் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுவது, அதற்குத்தான் பால், அதற்குத்தான் சோறு.

நாங்கள் பலகையை விட்டு இறங்கியதும் முதல் சம்மட்டி விழுந்தது. மாமனார் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர் வந்து சேரும்வரை அந்தச் செங்கல் அவர் மடியைவிட்டு இறங்கவில்லை. பலகை மேல் வைக்கலாம் என்று ரயிலில் ஒருவர் சொன்னதற்கு, "கீழ வைக்கக்கூடாதுங்க" என்று மட்டும் சொன்னார். அவர் சாப்பிடும்போது நான் வாங்கி வைத்துக்கொண்டேன். நல்ல கனம். பிள்ளை இல்லாத என் மடியில் அது இருந்தது. 

ராஜபாளையத்தில் இறங்கியதும் வண்டிக்காரன் வழக்கம்போல், "என்ன மொதலாளி, மகனப் பத்தி ஏதும் தகவல் உண்டா?" என்றான்.

"எம் மகன் செத்துப் போயிட்டாம்ப்பா. காரியம் செய்யணும். எல்லார்க்கும் சொல்லிரு."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். வண்டிக்காரன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். வீடு வரைக்கும் மாட்டை அடிக்காமலே ஓட்டி வந்தான்.

மறுநாள் மாமனார் கிடாவை அய்யனார் கோவில் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்க் கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டு வந்தார். வெட்டவில்லையா என்று அத்தை கேட்டார். "கேட்டதக் குடுக்கல. நான் எதுக்கு வெட்டணும்?" என்றார். சாமியிடம் அவர் கோபப்பட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது.

சஞ்சீவி மலைக்குக் கீழே கண்மாய்க் கரையில் காரியம். கோடைக் கண்மாயில் நடுவில் கொஞ்சம்தான் தண்ணீர் கிடந்தது. காரியம் செய்து வைக்க வந்தவர் செங்கலைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "கல்லுதான ஊனணும்? செங்கல ஊனி நான் பாத்ததில்லயே" என்றார்.

"இது எம் மகன்கூட வெந்த கல்லு. ஊனு" என்றார் மாமனார்.

ஊன்றினார்கள். எண்ணெயும் சீயக்காயும் வைத்துக் குளிப்பாட்டினார்கள். புது வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக் கட்டினார்கள். பிள்ளை செய்ய வேண்டியதை அப்பன் செய்தார். சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்து நானும் ஊற்றினேன். செங்கல் அதைக் குடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு சொம்பு ஊற்றினேன். போதும் என்று யாரும் சொல்லவில்லை. முடிந்ததும் கல்லைப் பிடுங்கி இடுப்பளவு தண்ணீருக்குள் கொண்டுபோய் மாமனாரே விட்டுவிட்டு வந்தார்.

பிறகு என் முறை. கொஞ்சம் தள்ளி, பெண்கள் ஒரு சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு என்னை உட்கார்த்தினார்கள். அத்தை பால் கிண்ணத்தோடு வந்தார். கழற்றும் தாலியைப் பாலில் போடுவது வழக்கம். அத்தையின் கை என் பின்கழுத்து முடிச்சைத் தொட்டது.

நான் தாலியைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். 

இது நானே கேட்டுச் சண்டை போட்டு வாங்கிய காரியம். பாதிச் சோற்றில் அவரை எழுப்பி எழுப்பிக் கேட்டது. பம்பாய் வரைக்கும் போய்க் கொண்டுவந்தது. எல்லாம் தெரியும். ஆனால் விரல் பிரியவில்லை. "விடும்மா" என்றார் அத்தை. ஒருத்தி என் கையைப் பிரிக்கப் பார்த்தாள். இன்னும் இறுக்கினேன். இவ்வளவு நாளும் அவர் செத்துவிட்டார் என்று சொன்னவள் நான்தான். ஆனால் அவர் இருக்கிறார் என்று மாமனார் பிடிவாதமாகச் சொன்ன ஒவ்வொரு நாளும் அதை நம்பிக்கொண்டுதான் தாலியைத் தொட்டுத் தூங்கியிருக்கிறேன். அது எனக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது.

ஆம்பிளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது. மாமனார் வந்தார். சேலைக்கு அந்தப் பக்கம் அவர் ஈர வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"அவ கைய யாரும் பிரிக்கக் கூடாது" என்றார். பிறகு என்னிடம்: "தாயி, அங்க அந்த இரும்புத் தரையில ஒக்காந்தேன்ல. எந்திரிக்கவே கூடாதுன்னு நெனச்சேன். எந்திரிச்சா அவன அங்கேயே விட்டுட்டு வாரேன்னு ஆயிரும்ல. அம்புட்டு நேரமும் அதான் ஓடுச்சு மனசுல. பொறவு எந்திரிச்சுட்டேன். ஒனக்கு முடியும்போது நீயே அவுரு. இன்னைக்கு முடியலன்னா இன்னொரு நாளு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், ஊருக்காரன் எவனும் சொல்லமாட்டான்."

அவர் போகவில்லை. அங்கேயே நின்றார். பெண்களும் சேலையைப் பிடித்தபடி நின்றார்கள். வெயில் ஏறியது. யாரோ கை மாற்றிப் பிடித்தார்கள்.

நானே முடிச்சை அவிழ்த்தேன். அத்தை நீட்டிய கிண்ணத்தில் நானே போட்டேன். அது பாலுக்குள் மறையும்வரை பார்த்தேன். பிறகு என்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. என் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. சேலைக்கு அந்தப் பக்கம் மாமனாரும் மணலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். என் புருஷனுக்காக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.